டெஸ்டோஸ்டிரோன் ஊசியா, குளோமிஃபீனா, எச்.சி.ஜி.யா? முதலில் பிட்யூட்டரி என்ன சொல்கிறது என்று பாருங்கள்

என் நண்பன் ஒருவனுக்கு 32 வயது. எந்நேரமும் அசதி, தாம்பத்தியத்தில் நாட்டமில்லை, எவ்வளவு உடற்பயிற்சி செய்தாலும் உடம்பில் பலம் ஏறவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 190 நானோகிராம் என்று குறைவாக வந்தது. அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவனுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு மாதத்தில் ஆள் புதிதாகப் பிறந்த மாதிரி ஆகிவிட்டான், அதை நான் மறுக்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, குழந்தை தள்ளிப்போகிறதே என்று விந்துப் பரிசோதனை செய்தான். அன்று ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தது. "டேய், ஒண்ணுகூட இல்லைன்னு போட்டிருக்காங்கடா. பூஜ்யம்."

ஊசி ஆரம்பிக்கும் முன் அவனிடம் யாரும் இரண்டு விஷயங்களைக் கேட்கவில்லை. குழந்தை வேண்டுமா, எப்போது வேண்டும் என்பது ஒன்று. கோளாறு மேலே மூளைப் பக்கம் இருக்கிறதா, கீழே விரையில் இருக்கிறதா என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் எந்த மருந்து நல்லது என்று ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஏனென்றால் இந்த மருந்துகள் ஒன்றுக்கொன்று மாற்று கிடையாது, ஒவ்வொன்றும் கை வைக்கும் இடமே வேறு.

அந்த இடங்கள் எவை என்று பார்த்துவிடலாம். மூளையின் அடியில், மூக்குக்குப் பின்புறமாக, எலும்பில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. அதற்குள் பட்டாணி அளவில் உட்கார்ந்திருப்பதுதான் பிட்யூட்டரி, எடை அரை கிராம் அளவு. அதற்கு நேர் மேலே ஹைப்போதலாமஸ். ஹைப்போதலாமஸ் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைத் துளியாக விடுகிறது, அது வெளி ரத்த ஓட்டத்தில் கரைந்துபோகாமல் குட்டி ரத்தக் குழாய்கள் வழியாக நேராகப் பிட்யூட்டரிக்குப் போகிறது. ஒவ்வொரு துளிக்கும் பிட்யூட்டரி பதில் சொல்கிறது: எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. எல்.எச். விரையில் உள்ள லேடிக் செல்களைத் தட்டி டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வைக்கும். எஃப்.எஸ்.எச். அங்கேயே இருக்கிற செர்டோலி செல்களிடம் போகும், விந்தணுக்களை வளர்த்தெடுக்கிற வேலை அவற்றினுடையது.

இதில் விட்டு விட்டு வருவதுதான் உயிர்நாடி. 1978இல் எர்னஸ்ட் நோபில் குழுவினர் ஹைப்போதலாமஸ் செயலிழந்த ரீசஸ் குரங்குகளுக்கு ஜி.என்.ஆர்.எச். கொடுத்துப் பார்த்தார்கள். மணிக்கு ஒரு தடவை கொடுத்தபோது பிட்யூட்டரி ஒழுங்காக எல்.எச்., எஃப்.எஸ்.எச். சுரந்தது. அதையே இடைவிடாமல் ஏற்றியபோது சுரப்பு அடங்கிப்போனது. புராஸ்டேட் புற்றுநோயில் டெஸ்டோஸ்டிரோனை நிறுத்த இன்றைக்குப் போடுகிற லூப்ரோலைடு ஊசி இதே தந்திரத்தில்தான் வேலை செய்கிறது. இயக்கும் ஹார்மோனையே ஓயாமல் கொடுத்தால் அது அணைக்கும் மருந்தாகிவிடுகிறது. எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிற விஷயம் இது.

கீழிருந்து மேலே திரும்பிப் போகிற தகவலும் உண்டு. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருந்தால், அதுவும், அதிலிருந்து உருவாகிற ஈஸ்டிரடயால் என்ற ஈஸ்டிரோஜன் ஹார்மோனும் மேலே போய் "போதும், குறைத்துக்கொள்" என்று சொல்கின்றன. செர்டோலி செல்கள் விடும் இன்ஹிபின் பி தனியாக எஃப்.எஸ்.எச்.ஐ மட்டும் அடக்கும். பிட்யூட்டரிக்கு அந்த டெஸ்டோஸ்டிரோன் சொந்த விரையிலிருந்து வந்ததா, ஊசியிலிருந்து வந்ததா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. என் நண்பனின் கதை முழுக்க இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

ரிப்போர்ட்டில் நட்சத்திரம் இல்லாத எண்

இரண்டு ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் டெஸ்டோஸ்டிரோன் 180, எல்.எச். 22, எஃப்.எஸ்.எச். 35. இரண்டாவதில் டெஸ்டோஸ்டிரோன் அதே 180, எல்.எச். 2.1, எஃப்.எஸ்.எச். 2.4. முதல் ரிப்போர்ட்டில் பிட்யூட்டரி கத்திக்கொண்டிருக்கிறது, விரைதான் கேட்கவில்லை. பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கிற கிளைன்ஃபெல்ட்டர் நிலை, புட்டாளம்மை விரையைத் தாக்கிய பாதிப்பு, கீமோதெரபி போன்றவற்றில் இப்படி வரும். இரண்டாவது ரிப்போர்ட்டில் எல்.எச். பக்கத்தில் எச்சரிக்கைக் குறி எதுவும் இருக்காது. ஆய்வகத்தின் இயல்பு வரம்புக்குள்தானே இருக்கிறது என்று அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் டெஸ்டோஸ்டிரோன் இவ்வளவு கீழே கிடக்கும்போது எல்.எச். 2.1 என்பது இயல்பே அல்ல. கத்த வேண்டிய நேரத்தில் பிட்யூட்டரி முணுமுணுக்கிறது என்று அர்த்தம். கோளாறு மேலே இருக்கிறது.

ரத்தம் எடுக்கும் நேரமும் முக்கியம். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், சாயங்காலம் இறங்கும், சாப்பிட்டாலும் இறங்கும். அதனால் காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாளில் இரண்டு தடவை பார்த்த பிறகுதான் குறைவு என்று சொல்லலாம். காய்ச்சலில் படுத்திருந்தபோது எடுத்த ரத்தத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். 300க்குக் கீழே என்பது பல மருத்துவர்கள் வைத்துக்கொள்ளும் கோடு, 264 என்று வைப்பவர்களும் உண்டு. 150க்கும் கீழே போய், எல்.எச்.சும் தாழ்ந்திருந்தால் பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுவது நல்லது.

சரி, இப்போது மருந்துகளுக்கு வருவோம்.

டெஸ்டோஸ்டிரோன்

ஜெல்லாகத் தினமும் தோளில் தடவலாம், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போடலாம், 10 முதல் 14 வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற நீண்டகால ஊசியும் இருக்கிறது. பலன் சீக்கிரம் தெரியும், சந்தேகமில்லை. நாட்டம், தெம்பு, தசை, எலும்பின் அடர்த்தி எல்லாம் மேலேறும். முதல் ரிப்போர்ட் மாதிரி விரையே பழுதாகியிருந்தாலோ, குழந்தை பெற்று முடித்தவருக்கு மேலே கோளாறு என்றாலோ, என் கணக்கில் இதுதான் முதல் தேர்வு. மற்ற மருந்துகள் எதுவும் இவ்வளவு நேரடியாக, இவ்வளவு காலமாகச் சோதிக்கப்பட்டு வரவில்லை.

ஆனால் குழந்தை வேண்டும் என்பவருக்கு இது நேர் எதிரான மருந்து. நான் மிகைப்படுத்தவில்லை. உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட் கொடுத்த அந்த ஆய்வு 1990இல் வெளியானது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. ரத்தத்தில் இவ்வளவு டெஸ்டோஸ்டிரோன் இருக்கும்போது விந்தணு ஏன் குறைய வேண்டும் என்று நண்பன் என்னிடம் கேட்டான், நியாயமான கேள்விதான். விந்தணு உருவாக விரைக்குள்ளேயே, ரத்தத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் தேங்கியிருக்க வேண்டும், அதை லேடிக் செல்கள் அங்கேயே சுரந்துதான் தர முடியும். ஊசி போட்டதும் பிட்யூட்டரி எல்.எச்.ஐ நிறுத்துகிறது, லேடிக் செல்கள் ஓய்ந்துவிடுகின்றன. 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு விரைக்குள் இருந்த டெஸ்டோஸ்டிரோன் 94 சதவீதம் குறைந்திருந்தது. வெளியே நிறைந்து வழிகிறது, உள்ளே காய்ந்து கிடக்கிறது.

மற்ற கவனிப்புகள்: ரத்தம் கெட்டியாகும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டுகிற ஹிமட்டோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். ஜெல் காய்வதற்குள் குழந்தையைத் தூக்கினால் அதன் உடம்பிலும் ஒட்டிக்கொள்ளும், இது சாதாரண விஷயமில்லை. 2023இல் வெளியான, 5,000க்கும் மேற்பட்ட ஆண்கள் கலந்துகொண்ட ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்று தெரிந்தது, அது பெரிய நிம்மதி. அதே ஆய்வில் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக் கட்டியும் சற்று அதிகமாக இருந்தன, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குளோமிஃபீன்

மாத்திரை, ஊசி வேண்டாம். 1967இல் பெண்களின் கருமுட்டை வெளிவர அனுமதிக்கப்பட்ட மருந்து இது. ஆண்களுக்குக் கொடுப்பது அனுமதிச் சீட்டில் எழுதப்படாத பயன்பாடு, மருத்துவர் தன் அனுபவத்தில் எழுதித் தருவது. வேலை செய்யும் விதம் எனக்குப் பிடிக்கும்: மேலே ஈஸ்டிரடயால் வந்து "போதும்" என்று சொல்கிற வாசலை இது அடைத்துவிடுகிறது. தகவல் வராததால் மூளை, "ஹார்மோன் பத்தவில்லை போலிருக்கிறது" என்று பிட்யூட்டரியை இன்னும் தூண்டுகிறது. எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் ஏறி, சொந்த விரையே கூடுதலாகச் சுரக்கிறது, விந்தணுவும் கெடுவதில்லை.

ஆனால் தூண்டினால் எழுந்து வரக்கூடிய பிட்யூட்டரி இருந்தால்தான் இது நடக்கும். கட்டிக்கு அறுவை செய்து பிட்யூட்டரி சேதமானவருக்கு, கதிர்வீச்சு எடுத்தவருக்கு, அடிக்கடி ரத்தம் ஏற்றி இரும்புச் சத்து பிட்யூட்டரியில் படிந்துபோன தலசீமியா நோயாளிக்கு, பிறவியிலேயே ஜி.என்.ஆர்.எச். இல்லாதவருக்கு இதைக் கொடுத்து ஆறு மாதம் காத்திருப்பது கையிலிருக்கிற காலத்தை வீணடிப்பது. முதல் ரிப்போர்ட்காரருக்கும் பயனில்லை, ஏற்கெனவே கத்துகிறவனை இன்னும் கத்து என்றால் என்ன ஆகும்? உடல் எடை கூடி, எல்.எச். மந்தமாகிப்போன, குழந்தை வேண்டும் என்கிற ஆண்களுக்குத்தான் இது பொருந்துகிறது. டெஸ்டோஸ்டிரோன் எண் ஏறினாலும் சிலருக்கு நாட்டம் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. மனநிலை ஏறி இறங்கலாம். பார்வை மங்கினாலோ மின்னல் போலத் தெரிந்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எச்.சி.ஜி., தேவைப்பட்டால் கூடவே எஃப்.எஸ்.எச்.

பிட்யூட்டரி பேசாவிட்டால் அதன் குரலை வெளியிலிருந்து கொடுப்பது இந்த வழி. எச்.சி.ஜி. கர்ப்பக் காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன், ஆனால் எல்.எச். உட்காருகிற அதே ஏற்பியில் போய் உட்காரும். எல்.எச். ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கழிந்துவிடும், எச்.சி.ஜி. ஒரு நாளுக்கு மேல் தங்கும். அதனால்தான் வாரம் இரண்டு மூன்று ஊசியிலேயே சமாளிக்க முடிகிறது, பொதுவாக ஒரு தடவைக்கு 1,000 முதல் 2,000 யூனிட் வரை.

கையாளுவது பழகினால் வந்துவிடும், முதல் நாள் மட்டும் கை நடுங்கும். சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடி அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கூட வரும் நீரைக் குப்பியின் சுவரோடு மெதுவாக இறக்க வேண்டும், குலுக்கக் கூடாது, விரல்களுக்கிடையே உருட்டினால் போதும், நுரை இல்லாமல் தெளிந்துவிடும். அப்புறம் தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு போட வேண்டியதுதான். மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். திங்கள், புதன், வெள்ளி என்று கிழமை வைத்துக்கொண்டால் மறக்காது.

பருவமடைந்து முடித்த பிறகு கட்டியாலோ அறுவையாலோ பிட்யூட்டரி போனவர்களில் பலருக்கு எச்.சி.ஜி. மட்டுமே விந்தணுவைக் கொண்டுவந்துவிடும். பருவமே வராமல் இருந்தவர்களுக்கு, விரை சின்னதாகவே நின்றுவிட்டவர்களுக்கு, எஃப்.எஸ்.எச். ஊசியும் சேர வேண்டும். வழக்கமாக எச்.சி.ஜி. ஆரம்பித்து 3 முதல் 6 மாதம் பார்த்துவிட்டு அதைச் சேர்ப்பார்கள். நான்கில் மூன்று பேருக்கு விந்தணு வருகிறது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. குழந்தைப் பருவத்தில் விரை இறங்காமல் இருந்தவர்களுக்கு வாய்ப்பு குறைவு. ஒரு விந்தணு உருவாகி முடிய 74 நாள் ஆகும், அதனால் முதல் மூன்று மாதத்துப் பரிசோதனையைப் பார்த்து மனம் உடையாதீர்கள். சிலருக்கு இரண்டு வருடம் வரைகூட ஆகும். இன்னொன்றையும் சொல்ல ஆசை: இவர்களிடம் எண்ணிக்கை வழக்கமான அளவைவிட நன்றாகக் குறைந்திருக்கும்போதே கரு தரிப்பது சகஜமாக நடக்கிறது. எண் சின்னதாக வந்தது என்று சிகிச்சையை நிறுத்திவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது.

குறைகளும் இருக்கின்றன. ஊசிகள் அதிகம், செலவும் டெஸ்டோஸ்டிரோனைவிட அதிகம், ஈஸ்டிரடயால் ஏறி மார்பு உப்பலாம், வலிக்கலாம். குழந்தை வேண்டாம் என்பவர் வாழ்நாள் முழுக்க இந்தப் பாட்டைப் பட வேண்டியதில்லை. பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் இள வயதில் டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொண்டு, குழந்தைக்கான நேரம் வரும்போது இதற்கு மாறுவதுதான் பல மருத்துவர்களின் வழி, அது சரியாகவும் படுகிறது.

ஜி.என்.ஆர்.எச். பம்ப் பற்றி ஒரு பத்தி போதும். இடுப்பில் கட்டிய சின்னக் கருவி 90 நிமிடத்துக்கோ 2 மணி நேரத்துக்கோ ஒரு தடவை தோலுக்கடியில் துளியை விடும், இயற்கை செய்வதை அப்படியே செய்கிறது. பிட்யூட்டரி நன்றாக இருந்து ஹைப்போதலாமஸ் மட்டும் மௌனமாக இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். கால்மன் குறைபாடு அதற்கு நல்ல உதாரணம், அதில் வாசனையும் தெரியாது. காரணம், கருவில் ஜி.என்.ஆர்.எச். நரம்பு செல்கள் மூக்குப் பகுதியில் பிறந்து, வாசனை நரம்புகளின் வழியைப் பிடித்துக்கொண்டுதான் மூளைக்குள் நடந்து போகின்றன. அந்த வழி அமையாவிட்டால் இரண்டும் போகும். பலன் எச்.சி.ஜி., எஃப்.எஸ்.எச். ஊசிகளுக்கு ஈடாகவே இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் கருவியோடு திரிய வேண்டும், கிடைக்கும் இடங்களும் குறைவு. கையருகே வசதி இருந்து, பொறுமையும் இருந்தால் யோசிக்கலாம், இல்லாவிட்டால் ஊசியே போதும்.

எதையும் ஆரம்பிக்கும் முன்

நான் மேலே சொன்ன அத்தனையையும்விட நல்ல தேர்வு ஒன்று உண்டு, பலருக்கு அது சொல்லப்படுவதே இல்லை. பிட்யூட்டரியை அடக்கி வைத்திருப்பது எது என்று கண்டுபிடித்து அதை விலக்குவது. டிராமடால், மார்ஃபின் வகை வலி மாத்திரைகளை நீண்ட நாள் எடுத்தால் எல்.எச். அடங்கும். அதிக எடை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, தசை ஏற்றுவதற்காக முன்பு போட்ட ஸ்டீராய்டு, எல்லாமே இதைச் செய்யும். எடை நன்றாகக் குறைந்தால் டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறுகிறது. மெதுவாகத்தான் ஏறும், ஆனால் உங்களுடையதாகவே இருக்கும்.

முக்கியமாகப் புரோலாக்டின் என்ற, தாய்ப்பால் சுரப்பைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன். பிட்யூட்டரியிலேயே வளர்கிற ஒரு சின்னக் கட்டி, பெரும்பாலும் புற்றுநோய் அல்லாதது, புரோலாக்டினை அள்ளி விடும், அது மேலே ஜி.என்.ஆர்.எச். துளிகளை மந்தமாக்கிவிடும். இதற்குக் காபெர்கோலின் என்ற மாத்திரை வாரம் இரண்டு தடவை. கட்டியும் சுருங்கும், புரோலாக்டினும் இறங்கும், பிட்யூட்டரி மறுபடியும் தானே பேச ஆரம்பிக்கும். சில மனநல மருந்துகளும் வாந்தியை நிறுத்தும் டோம்பெரிடோனும் புரோலாக்டினை ஏற்றும், அதனால் எடுத்துக்கொண்டிருக்கிற மாத்திரைகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை குறைந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

என் நண்பனுக்கு வேறொரு மருத்துவர், நாளமில்லாச் சுரப்பி நிபுணர், பரிசோதனைகளை முதலிலிருந்து எழுதிக் கொடுத்தார். புரோலாக்டின் 140 என்று வந்தது, இருபதுக்குள் இருக்க வேண்டியது. எம்.ஆர்.ஐ.யில் 8 மில்லிமீட்டரில் ஒரு கட்டி. ஒன்றரை வருடத்துக்கு முன்பே அந்த ஒரு ரத்தப் பரிசோதனையைச் செய்திருந்தால் அவனுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசியே தேவைப்பட்டிருக்காது. ஊசி போட்டதில் அசதி போய்விட்டது, அதனால் கட்டி உள்ளே இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஏற்கெனவே டெஸ்டோஸ்டிரோனில் இருந்துகொண்டு, இப்போது குழந்தை வேண்டும் என்று இதைப் படிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கருத்தடை ஆய்வுகளில் ஊசியை நிறுத்திய ஆண்களை 2006இல் தொகுத்துப் பார்த்தார்கள். விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 2 கோடிக்குத் திரும்பும் வாய்ப்பு 6 மாதத்தில் 67 சதவீதம், 12 மாதத்தில் 90 சதவீதம், 24 மாதத்தில் 100 சதவீதம். அவர்கள் ஆரம்பத்தில் ஆரோக்கியமாக இருந்தவர்கள், பல வருடம் அதிக அளவில் எடுத்தவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். நிறுத்திய முதல் சில மாதங்கள் கஷ்டமானவை, பழைய அசதி இரட்டிப்பாகத் திரும்பும். அந்த இடைவெளியை எச்.சி.ஜி. அல்லது குளோமிஃபீன் கொடுத்துத் தாண்ட வைப்பார்கள். தனியாக, மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவையுங்கள், அந்த மாதங்களில் எரிச்சல் வரும்.

நண்பன் ஊசியை நிறுத்திக் காபெர்கோலின் ஆரம்பித்தான், நடுவில் நான்கு மாதம் எச்.சி.ஜி.யும் போட்டுக்கொண்டான். எச்.சி.ஜி.யை நிறுத்தி இரண்டு மாதம் கழித்து வந்த ரிப்போர்ட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். டெஸ்டோஸ்டிரோன் 430. அவன் விரலால் சுட்டிக் காட்டியிருந்தது அதை அல்ல, கீழ் வரியை. ஊசி போட்ட நாட்களில் 0.1க்கும் கீழே கிடந்த எல்.எச்., 3.8.